பேர் சொல்லி வெட்டிய அப்பம்

நற்கருணைக்கு அப்பம் செய்வது ஐயரம்மாவின் வேலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் கிருபாபுரம் சபைச் சேகரத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். முன்பு இருந்த ஐயர்மார் எல்லாம் பாளையங்கோட்டையில் பாக்கெட்டில் விற்கும் வெள்ளை வில்லையைத்தான் வாங்கி வைத்திருந்தார்கள். வாயில் போட்டால் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துப் போட்டதுபோல இருக்கும். மேல்வாயில் ஒட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் இறங்காது. வேதமுத்து ஐயர் மாற்றலாகி வந்த முதல் மாதமே அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

அவருடைய வீட்டம்மா ஹெப்சிபா, மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் கோதுமை மாவை உப்பில்லாமல், புளிக்க விடாமல் பிசைவார். மெல்லிசாகத் தேய்த்து, தோசைக்கல்லில் நிறம் மாறாமல் வாட்டி எடுத்து, சூடு ஆறுவதற்குள் இருமல் மருந்துப் பாட்டில் மூடி ஒன்றை வைத்து அழுத்திச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டுவார். அந்த மூடியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. மகள் ஸ்வீட்லின் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அதை எடுத்துச் சொப்பு வைத்து விளையாடி, முதுகில் வாங்கியிருக்கிறாள்.

வெட்டும்போது ஐயரம்மா பேர் சொல்லுவார்.

"மேலத்தெரு ஞானப்பழம் தாத்தா ஒண்ணு. பாக்கியத்தக்கா ஒண்ணு. அவுக மருமவ பேறுகாலத்துக்குப் போயிருக்கா, அவளுக்குக் கிடையாது. பெரிய மவன் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கான்லா, அவனுக்கு ஒண்ணு. வருவானோ, தூங்குவானோ... சரி, வெட்டி வைப்போம்."

இப்படியே அடுப்படியை விட்டு அசையாமல் மேலத்தெரு, கோயில் தெரு, வாய்க்கால் தெரு என்று ஊர் முழுக்க நடந்து வந்துவிடுவார். கடைசியில், "நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு" என்று சொல்லி இரண்டை வெட்டித் தட்டை வெள்ளைத் துணியால் மூடுவார். ஐயர் அதுவரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து, வட்டங்களுக்கு நடுவில் மிஞ்சுகிற ஓரத் துண்டுகளைச் சீனியில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார்.

இந்தக் கணக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜெபம் பண்ணிய அப்பம் மிஞ்சினால் அதைக் கோவிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, பீடத்தின் முன்னால் நின்று ஐயரே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. முன்பு இருந்த சேகரத்தில் ஒரு மழை ஞாயிறு பாதிச் சனம் வரவில்லை. ஐயர் தட்டு நிறைய மிஞ்சியதை ஒற்றை ஆளாகத் தின்று விக்கல் எடுத்து, ஆசீர்வாதம் கூறமுடியாமல், உதவிக்கு இருந்த உபதேசியாரைக் கூற வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஐயரம்மா பேர் சொல்லித்தான் வெட்டுகிறார்.

ஞாயிறு மத்தியானம் ஐயர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐயரம்மா கேட்பார்.

"மிச்சம் வந்துச்சா?"

"ஒண்ணு."

"யாரு வரல?"

பேர் தெரிந்ததும் அன்று சாயங்காலமே ஒரு தூக்குவாளியில் கடலைப்பருப்பு சுசியம் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சலா, சண்டையா, சும்மா சோம்பலா என்று தெரியாமல் திரும்ப மாட்டார். அவருக்குப் பயந்து கோவிலுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. சுசியத்துக்காக வராமல் இருந்தவர்களும் உண்டு.

அந்த ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமையும் எல்லாம் வழக்கம்போல நடந்தது. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு என்று கடைசி இரண்டையும் வெட்டிவிட்டு, ஐயரம்மா மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வார சனிக்கிழம நான் முழுக்கு எடுக்கப் போறேன்."

ஐயருடைய உதட்டில் சீனி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் சபையில் கைக்குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். வாய்க்கால் கரையில் புதிதாக வந்திருக்கும் ஜெபவீட்டுக்காரர்கள் அது செல்லாது என்பார்கள். வயது வந்தவன் தானாக மனதறிந்து, ஆற்றில் தலை முழுக முங்க வேண்டும், அதுதான் முழுக்கு. எங்கள் சபை ஒழுங்குப்படி அப்படி இரண்டாந்தரம் எடுத்தவர்களுக்கு நற்கருணை கிடையாது. பீடத்தில் நின்று பேர் வாசித்து நிறுத்திவிடுவார்கள். ஊர் ஊராக வீட்டுக்கு வீடு இந்தச் சண்டைதான் நடக்கிறது. ஆனால் ஐயர் வீட்டுக்குள்ளேயே அது வந்து உட்காரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"யாருட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுன?" என்றார் ஐயர்.

"யாருட்டயும் கேக்கல. உங்ககிட்ட சொல்லுதேன்."

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்ல. ஆசுபத்திரியில நேர்ந்தது."

ஐயர் சீனிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

ஆவணி மாதம் ஐயரம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. திருநெல்வேலியில் ஆப்பரேசன் என்று நாள் குறித்தார்கள். அதே நாளில்தான் எங்கள் சேகரத்துச் சபை மன்றத் தேர்தல். ஐயர் காலையில் ஓட்டுப்பதிவைத் தொடங்கி வைத்துவிட்டு மத்தியானத்துக்குள் ஆசுபத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் விட்டால்தானே. இரண்டு அணிக்காரர்களும் நாற்காலியைத் தூக்கினார்கள், பெட்டியை யார் தொடுவது என்று ஐயரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், போலீஸ் வந்தது. அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. சட்டைப்பை கிழிந்து தொங்கியது. கட்டி ஒன்றும் பயப்படும்படியானது இல்லை என்று சொல்லி, ஐயரம்மாவை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மகள் ஸ்வீட்லின் குவைத்தில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தது தையல்காரி சாலோமி, ஜெபவீட்டுப் பெண். ஐயரம்மாவின் ஜாக்கெட் தைப்பவள் என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. துணைக்கு வாரேன் என்று அவளாகவே பஸ் ஏறியிருக்கிறாள்.

"ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு உள்ள தள்ளிட்டுப் போறாவ," என்றார் ஐயரம்மா. "வாசல்ல நீங்க நிப்பியன்னு தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கேன். சாலோமிதான் நிக்கா. என் செருப்பக் கையில வச்சுட்டு நிக்கா. அப்பதான் ஆண்டவர்ட்ட சொன்னேன், கண்ணு முழிச்சேன்னா நானா வந்து தண்ணியில இறங்குதேன்னு."

"பொருத்தனைன்னா வேற விதமா நிறைவேத்தலாமே ஹெப்சி. ஊருக்கு ஒரு அசனம் போடுவோம். கறிச்சோறு போட்டு..."

"ஆட்டையா நேர்ந்தேன்? என்னையத்தான் நேர்ந்தேன்."

"எம்மேல கோவமா?"

"கோவம்னா அன்னைக்கே சண்ட போட்டிருப்பேன்லா. கோவம் இல்ல. உங்களைத் தேடுனேன். அவ்ளோதான்."

அதற்குமேல் ஐயர் என்ன சொல்ல முடியும்? வேத வசனம் அவருக்குத் தெரியாததா, அதைத் திருப்பிச் சொல்ல ஐயரம்மாவுக்குத்தான் தெரியாததா. கல்யாணம் முடிந்து எத்தனையோ வீடு மாறியாயிற்று. போன ஊரெல்லாம் யாரோ அடித்த ஆணியில்தான் அவர்கள் நாட்காட்டி தொங்கியது. எந்த வீட்டிலும் ஐயரம்மா இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டதில்லை. முதல்முதலாக ஒன்று கேட்கிறார், அது இதுவாக இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்தது.

வெள்ளிக்கிழமை பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் படித்துறையை மூடிக்கொண்டு போயிற்று. கரையோரம் யாரும் இறங்கக் கூடாது என்று ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லிப்போனார்கள். ஜெபவீட்டுப் பாஸ்டர் ஜோஷுவா, சின்ன வயசுப் பையன், ஐயரம்மாவுக்குப் போன் போட்டு, தண்ணீர் வடியட்டும் என்றான்.

வேதமுத்து ஐயரின் சந்தோஷத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். எத்தனை படி தெரிகிறது என்று பார்ப்பார். ஒன்றும் தெரியாவிட்டால் திரும்பி வரும்போது பாட்டு முணுமுணுப்பார். மலையில் மேகம் கறுத்துக் கிடந்தால் முகம் மலர்ந்துவிடும். அறுபதை எட்டிய மனிதர், பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விடுவார்களா என்று பார்க்கிற பிள்ளைகளைப்போலத் தெருவில் நின்று வானத்தைப் பார்த்தார்.

கோவில் வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்யும் மாடக்கண்ணு ஒருநாள் வரப்பில் நின்றபடி அவரை மறித்தார். முழங்கால் வரைக்கும் சகதி.

"ஐயா, உங்க சாமிகிட்ட சொல்லிக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. நட்டு ஒரு வாரம் ஆவல, நாத்து முங்கிட்டு. இன்னும் ரெண்டு நாளு தண்ணி நின்னா அழுகிரும்."

"மழை நல்லதுதானவே."

"நல்லதுதான், யாரு இல்லன்னா? அளவாப் பேஞ்சா நல்லது. ஊர்ல அம்புட்டுப் பேரும் நிக்கணும்னுதான் வேண்டுதோம். நிக்க மாட்டக்கே. எவனோ ஒருத்தன் எதுத்து வேண்டுதான் போல."

ஐயர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"அப்படி எவன்வே வேண்டுவான்?"

"அதான் தெரியல. தெரிஞ்சா நாலு கேள்வி கேக்கலாம்."

அந்த ஞாயிறு ஜெப ஒழுங்கில் இருக்கிறபடி, மழை நின்று வானம் தெளிவதற்கான ஜெபத்தை ஐயர் வாசித்தார். வாசிக்காமல் இருக்க முடியாது. கோவிலில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருடைய வயல் தண்ணீரில் கிடந்தது. புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் என்றோம். முன்வரிசையில் பெண்கள் பக்கம் இருந்து ஐயரம்மாவின் ஆமென் மற்ற எல்லார் சத்தத்துக்கும் மேலே கேட்டது.

புதன்கிழமை வெயில் அடித்தது. நாத்து தலை தூக்கியது. மாடக்கண்ணு ஐயர் வீட்டுக்கு ஒரு தார் நாட்டு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்க ஜெபம்தான் ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஐயர் அந்தப் பழத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே சபைச் செயலர் ஜெபஸ்டின் வந்தார். அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் ஒழுங்கு, சட்டம் என்றால் கொஞ்சம் விறைப்பு அதிகம். ஐயரம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகும்வரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயரவாள், வாட்ஸ்அப் குரூப்புல பேச்சாக் கிடக்கு. நெசந்தானா?"

"நெசந்தான்."

"நீங்க எடுத்துச் சொல்லலயா?"

"சொன்னேன்."

"ரிட்டயர்டு ஆவுத வரைக்குமாவது பொறுக்கச் சொல்லுங்க. அதுக்குப் பொறவு அவுக என்ன செஞ்சா யாரு கேக்கப் போறா?"

"அத நான் சொல்ல முடியாது ஜெபஸ்டின். பொய் சொல்லச் சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

ஜெபஸ்டின் காபி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"போன வருசம் வாய்க்கால் தெரு ஜெசிக்கு என்ன செஞ்சோம்னு உங்களுக்கே தெரியும். ஜெசிக்கு ஒரு சட்டம், ஐயரம்மாவுக்கு ஒரு சட்டமான்னு கேப்பானுவ."

"கேக்கத்தான் செய்வாவ. கேக்கணும்."

ஜெசி முழுக்கு எடுத்த பிறகும் நற்கருணைக்கு வந்து முழங்கால் போட்டாள். பேர் வாசித்து நிறுத்தியாயிற்று என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு கையையும் நீட்டினாள். களை பறித்துக் காய்த்த கை. ஐயர் அந்தக் கையைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள் எல்லாரும். அடுத்த மாதம் அப்பம் வெட்டும்போது, வாய்க்கால் தெருவில் ஜெசி என்று சொல்ல வாயெடுத்த ஐயரம்மா, மூடியை மாவின் மேலே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாராம்.

"அவ முங்கிட்டு வந்தா நானே பேரு வாசிப்பேன்," என்றார் ஐயர். "போதுமா?"

"அதுக்கில்ல ஐயரவாள், மனசு கேக்கல. பொறவு... அப்பம். இனிமே பாக்கெட்டே வாங்கிருவோம். அவுக கையால வேண்டாம்னு ரெண்டு மூணு பேரு சொல்லுதாவ."

"யாரு கையால சுடணும்னு எந்த ஒழுங்குல எழுதியிருக்கு? காட்டும்வே, பாக்கேன்."

ஐயர் சத்தம் போட்டு ஜெபஸ்டின் கேட்டதில்லை. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் ஆறு இறங்கியிருந்தது. படித்துறையில் பாதிப் படிகள் பாசி படிந்து வெளியே தெரிந்தன. தண்ணீரில் கலங்கல் இன்னும் போகவில்லை. மேல்படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜோஷுவா இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவனோடு ஜெபவீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளைச் சேலையில் பாட்டுப் பாடினார்கள். ஐயரம்மாவும் வெள்ளைச் சேலை. காதில் கம்மல் இல்லை. நகை போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாலியை மட்டும், அது அவுக கட்டுனது என்று சொல்லி யாரையும் தொடவிடவில்லை.

ஐயரம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். பிறந்தது சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில். கிணற்றில் இறைத்துக் குடித்து வளர்ந்தவர். இத்தனை வருஷம் தாமிரபரணிக் கரையில் குடியிருந்தும் முழங்காலுக்கு மேலே நனைந்ததில்லை. ஸ்வீட்லின் சின்னப் பிள்ளையாக ஆற்றில் குதித்தால் கரையில் நின்று கத்துவார். இப்போது சாலோமியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினார். மூன்றாவது படியில் பாசி வழுக்கியது. சாலோமி தாங்கிப் பிடித்தாள். ஐயரம்மா நின்று, கழுத்தைத் திருப்பி, மேலே கரையைப் பார்த்தார். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

வேதமுத்து ஐயர் மேல்படியில் நின்றிருந்தார்.

அங்கி இல்லாமல், சாதாரண வேட்டி சட்டையில். தோளில் துணிப்பை. அதில் உலர்ந்த சேலை, துண்டு, ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. இந்தத் தடவை செருப்பு அவர் கையில் இருந்தது. ஐயரம்மா பார்ப்பது தெரிந்ததும் அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

ஐயரம்மா திரும்பிக்கொண்டு மீதிப் படிகளை ஒருவர் தோளையும் பிடிக்காமல் இறங்கினார்.

ஜோஷுவா என்னமோ கேட்டான். அவர் ஆம் என்று தலையசைத்தார். மூக்கைப் பொத்திப் பின்புறமாகச் சாய்த்து முக்கினான். ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு நேரமும் ஐயர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை, பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். ஐயரம்மா எழும்பி வந்ததும் ஐயரும் புஸ் என்று விட்டார்.

கரையேறியபோது ஐயரம்மாவுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. ஐயர் துண்டை விரித்துத் தோளில் போர்த்தினார். வேறு யாரும் கிட்டே வரவில்லை.

"வந்துட்டியளா," என்றார் ஐயரம்மா.

"காபி இருக்கு. பையப் பையக் குடி, சூடு."

"மூக்குல தண்ணி ஏறிட்டு."

"ஏறத்தான் செய்யும். சிந்து."

குடித்துக்கொண்டே ஐயரம்மா அழுதார். சந்தோஷத்திலா, சங்கடத்திலா என்று கேட்க ஐயருக்கு ஆசையாக இருந்தது. குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தார்.

மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் ஐயர் ஒரு பேர் வாசித்தார். ஹெப்சிபா வேதமுத்து. இந்தச் சபையின் நற்கருணையிலிருந்து நிறுத்தப்படுகிறார். ஜெசிக்கு வாசித்த அதே வார்த்தை. ஒன்று கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

கார்த்திகையில் அடுத்த நற்கருணை வந்தது.

ஜெபவீட்டுப் பக்கத்திலும் ஐயரம்மா அப்பம் சுடுவதை யாரும் விரும்பவில்லை. இனிமே அந்த வேல வேண்டாம் அக்கா என்று சாலோமி சொன்னாளாம். சுடுதது என் கை, வேண்டாம்னு சொல்ல நீ யாருளா என்றாராம் ஐயரம்மா. சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மாவு பிசைந்தார், தேய்த்தார், வாட்டினார், மூடியை எடுத்தார். ஐயர் வழக்கம்போல வாசற்படியில் சீனிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்.

"ஞானப்பழம் தாத்தா ஒண்ணு. பாக்கியத்தக்கா ஒண்ணு. மருமவ வந்துட்டா, பச்ச உடம்பு. வருவாளோ என்னமோ, ஒண்ணு இருக்கட்டும்."

கோயில் தெரு முடிந்தது. வாய்க்கால் தெரு தொடங்கியது. கடைசி நெருங்க நெருங்க ஐயருக்கு உட்கார முடியவில்லை. 'நீங்க ஒண்ணு' என்று சொல்லி அங்கேயே அந்தப் பேச்சு நின்றுபோவதைக் கேட்கத் தன்னால் முடியாது என்று தோன்றியது. போன் அடிக்கிற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றார். திரும்பி வந்தபோது தட்டு வெள்ளைத் துணியால் மூடியிருந்தது.

ஞாயிறு ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஐயருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வந்தவர்களும் உண்டு, என்ன நடக்கிறதென்று பார்க்க வந்தவர்களும் உண்டு. ஞானப்பழம் தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பச்சை உடம்புக்காரி பிள்ளையோடு வந்தாள். வரிசை வரிசையாக முழங்கால் போட்டோம், எழுந்தோம். கடைசி வரிசை எழுந்து போன பிறகு ஐயர் தட்டைப் பார்த்தார்.

ஒன்று மிஞ்சிக் கிடந்தது.

அவர் தலை நிமிர்ந்து கோவிலைச் சுற்றிப் பார்த்தார். மேலத்தெரு இருந்தது, கோயில் தெரு இருந்தது, வாய்க்கால் தெரு இருந்தது. வராதவர் என்று யாரும் இல்லை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் அந்த இடத்தில் கண் வந்து நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கும் புரிந்துவிட்டது. பழகின கை மறந்துபோய் வெட்டியதோ, மறக்காமல் வெட்டியதோ, அது ஐயரம்மாவின் அப்பம்.

அதைக் கைக்குட்டையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கை அங்கியின் பக்கவாட்டுப் பைக்கு ஒரு தரம் போய் வந்தது. கொண்டுபோகக் கூடாது. கொடுக்கவும் கூடாது. ஜெசியின் கையைத் தாண்டிப் போனவர் அவர். அப்பத்தை எடுத்து வாயில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். இத்தனூண்டு அப்பம். வெகு நேரம் மென்றார். அவர் தோள் குலுங்கியது. ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போனபோது அங்கியைக்கூட அவர் கழற்றவில்லை. ஐயரம்மா ஜெபவீட்டுக் கூட்டத்தை முடித்து அவருக்கு முன்னாலேயே வந்து, அதே வெள்ளைச் சேலையில் கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். வெறும் காது. திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார், பழக்கத்தில்.

"மிச்சம் வந்துச்சா?"

"ஒண்ணு."

"யாரு வரல? சாயங்காலம் போய்ப் பாத்துட்டு வந்துருதேன். கடலப்பருப்ப ஊறப் போடட்டா?"

ஐயர் அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"ஞானப்பழம் தாத்தாவா? முட்டுவலின்னாவ."

"நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டானுவ."

"அப்ப அந்தப் பச்ச உடம்புக்காரிதான்."

"அவ பிள்ளையோட வந்தா. எல்லாரும் வந்தாவ ஹெப்சி."

"எல்லாரும் வந்தா எப்படி ஒண்ணு..."

கரண்டி நின்றது. ஐயரம்மா அப்படியே நின்றார். வெட்டிய கை எதுவோ அந்தக் கையைப் பார்த்தார்.

ஐயர் அடுப்படி முக்காலியை இழுத்துப் போட்டு, அங்கி தரையில் புரள, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பருப்பு ஊறப் போட வேண்டாம். வராதவுக வீட்டுக்கு நான் வந்துட்டேன்."

குழம்பு கொதித்தது. ஐயரம்மா அடுப்பைச் சின்னதாக்கினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

"எம் பங்க நீங்களே சாப்பிட்டுட்டியளா?"

"வெளிய கொண்டுவரக் கூடாதுல்லா."

"உப்பு இருக்காதே."

"இன்னைக்கு இருந்துச்சு."

பிறகு ஐயரம்மா கரண்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசமும் வெட்டுவேன்," என்றார். "ஜெசிக்கும் சேத்து வெட்டுவேன். மிஞ்சட்டும்."

"மிஞ்சட்டும்," என்றார் ஐயர்.

இப்போது மாதா மாதம் இரண்டு மிஞ்சுகிறது. ஐயர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சாப்பிட்டு முடிக்கிறார். அவர் திரும்புகிறவரைக்கும் நாங்கள் கடைசிப் பாட்டைத் தொடங்குவதில்லை.